ரசாக் பாய் நீளவாக்கில் வைத்த புள்ளிகள்

ரசாக் பாய் மௌத்தான செய்தி ஒரு திங்கட்கிழமை காலை, நான் கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டிருந்தபோது வந்தது. அவருடைய மைத்துனர் ஃபோனில் சொன்னார். விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். நான் எழுந்து முதலாளியின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை. "வியாழக்கிழமை விசாரணைக்கு வரணுமே அவரு" என்றார். ஒரு வாய் குடித்தார். "இனிமே எங்க வர்றது. பாவம்" என்றார். பதினோரு வருடமாக அந்த மனிதரிடம் வேலை பார்க்கிறேன். நிம்மதியாக இருக்கும்போது அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் 'பாவம்' நிம்மதியான குரலில் வந்தது.

அன்று மதியமே என்னைக் கூப்பிட்டு, இரங்கல் கூட்டத்தில் கொடுக்க ஒரு பக்கம் எழுதச் சொன்னார். "உனக்குத்தான் நல்லா எழுத வரும் செல்வி" என்றார். ஒரு வரியை மட்டும் அவரே சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்: 'கண் பார்வை மங்கிய நிலையிலும் ஓய்வறியாது உழைத்தார்.' கேட்பதற்கு அஞ்சலி மாதிரிதான் இருக்கும். அந்த வரி எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பக்கத்தை நான் எழுதவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். பெரம்பலூர், அரியலூர் ஆலைகளில் அவரோடு ஏணி ஏறியவர்களுக்கும், அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் இது.

அவரை அறியாதவர்கள் கையிலும் இது போகலாம் என்பதால் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆலைகளில் நீராவி ஓடும் குழாய்களின் உட்புறம் நாளாக நாளாக அரித்துக் குழி விழும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் விடுகிறார்களே எண்டோஸ்கோப்பி, அதே மாதிரி நுனியில் கேமரா வைத்த வளையும் குழலைக் குழாய்க்குள் விட்டு, திரையில் குழியைப் பார்த்து, அதன் ஆழத்தை அளக்க வேண்டும். பாய் இந்த வேலையைப் பதினெட்டு வருடம் வளைகுடாவில் பார்த்தவர். ஊர் லப்பைக்குடிக்காடு. திரும்பி வந்ததும் அரியலூரில் எங்கள் கம்பெனியில் சேர்ந்தார். அவர் அளந்து வருவார், நான் அறிக்கை எழுதுவேன். ஒன்பது வருடம் இப்படித்தான் போனது. டீக்கடையில் அவரைக் 'குழாய் டாக்டர்' என்பார்கள். அவருக்கு அது பிடிக்காது. "டாக்டர்னா பொழைக்க வப்பாரு. நான் பாத்துச் சொல்றவன், அவ்வளவுதான்" என்பார்.

அவர் மேஜையில் நீளவாக்கில் பாதியாகப் பிளந்த ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு கிடக்கும். புதிதாக யார் வந்தாலும், கொரியர் கொடுக்க வந்தவராக இருந்தாலும், அதை எடுத்து ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்துக் காட்டுவார். இரண்டு முனையும் குழாயின் ஓரத்தைத் தொடும், நடுவில் அடியில் இடைவெளி இருக்கும். கேமராவும் இதைத்தான் செய்கிறது. குழியின் இரு கரையிலும் நாம் புள்ளி வைத்தால், மிஷின் அவற்றுக்கிடையே நேர்க்கோடு இழுத்து, கோட்டிலிருந்து குழியின் அடிவரை ஆழம் சொல்லும். குறுக்கே புள்ளி வைத்தால் குழாயின் வளைவும் அந்த ஆழத்தில் சேர்ந்துவிடும். அந்த உபரி இடைவெளிக்குப் பாய் வைத்த பெயர் 'வயிறு'. பிறகு ஸ்கேலைத் திருப்பி நீளவாக்கில் வைப்பார். இடைவெளியே இல்லாமல் ஸ்கேல் ஒட்டி உட்காரும். "குறுக்க அளந்தா வயித்தக் கழி. நீளவாக்குல அளந்தா வயிறே கெடையாது, கழிக்காத" என்பார். பாடம் அவ்வளவுதான்.

"வயித்தக் கழிச்சாச்சா?" என்று அவர் ஏணி உச்சியிலிருந்து கத்தினால் கீழே நிற்கும் ஃபிட்டர்கள் சிரித்து உருள்வார்கள். ஆலைக்கு ஆலை அந்தப் பேச்சு பரவி, மலச்சிக்கல் மருந்து வேணுமா பாய் என்று கேட்கிற அளவுக்குப் போனது. அவர் சிரிக்க மாட்டார். அவர் அப்படியொன்றும் இனிமையானவர் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். செத்தவுடன் எல்லோருமே தங்கமாகிவிடுவது எனக்குப் பிடிக்காது. ஃபேனை இரண்டில் வைப்பதா மூன்றில் வைப்பதா என்று என்னிடம் ஒன்பது வருடம் சண்டை போட்டார். என் அறிக்கையில் எழுத்துப்பிழை இருந்தால், நாலு பேர் இருக்கும்போதே உரக்கப் படித்துக் காட்டுவார். ஒருமுறை நான் அழுதுவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் ஃபேன் மூன்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் நடந்தது சிலருக்கு நினைவிருக்கும். வெளியூரிலிருந்து வந்த ஓர் ஆய்வுக் குழு, கொதிகலனின் குழாய்கள் பாதிக்கு மேல் அரித்துவிட்டன, மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அரவைப் பருவம் தொடங்கும் நேரம். ஆலைக்காரர்கள் பதறிப்போய்ப் பாயைக் கூப்பிட்டார்கள். அவர் அந்தக் குழுவின் படங்களைப் பார்த்தார். எல்லாப் புள்ளிகளும் குறுக்கே இருந்தன. ஒன்றில்கூட வயிற்றைக் கழிக்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் நீளவாக்கில் மறுபடி அளந்தார். இரண்டே குழாய்கள்தான் மோசம். ஆலை மேலாளர் அவரைக் கட்டிப்பிடித்து, ஆலையையே காப்பாற்றிவிட்டீர்கள் என்றார். பாய் விலகிக்கொண்டு சொன்னதை என் காதால் கேட்டேன்: "நல்ல கொழாயக் கெட்டதுன்னாலும் பொய்தான், கெட்டத நல்லதுன்னாலும் பொய்தான். ரெண்டாவது பொய்ய நான் சொல்லியிருந்தாலும் ஒங்களுக்கு இதே சந்தோசம்தான் வந்திருக்கும்." மேலாளரின் முகம் சுருங்கிவிட்டது. வரும் வழியில் முதலாளி பாயிடம் ஏன் இப்படிப் பேசுகிறீர்கள் என்று குறைபட்டுக்கொண்டார். ஆனால் அந்த ஆலை வேலையைக் காட்டித்தான் அடுத்த நான்கு வருடம் எங்கள் கம்பெனி ஊரெல்லாம் பெருமையடித்தது.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். 

போன வருடக் கடைசியில் அரியலூர்ப் பக்கம் ஓர் ஆலையின் நீராவிக் குழாய்களைப் பாய் அளந்தார். அந்த ஆலையின் விதிப்படி குழி ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம்வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் குழாயை மாற்ற வேண்டும். மாற்ற ஆலையை நிறுத்த வேண்டும். பாய் அளந்த ஒரு குழி ஒன்று புள்ளி ஒன்பது. படங்களைப் பென் டிரைவில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் வேறொரு ஆலைக்கு நான்கு நாள் வேலையாகப் போய்விட்டார். அறிக்கை தாமதமாகக் கூடாது என்று அவர் கையெழுத்தை ஸ்கேன் செய்து என் கம்ப்யூட்டரில் வைத்திருந்தோம். என்னை நம்பித்தான் அவர் அதற்குச் சம்மதித்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம் முதலாளி என் மேஜைக்கு வந்தார். ஆலையிலிருந்து யாரோ அவரிடம் பேசியிருக்கிறார்கள். "பாய் இந்தக் குழியில வயித்தக் கழிக்க மறந்துட்டாரு போலருக்கு. புள்ளி ஆறு வரும். கழிச்சிடு" என்றார். ஒன்று புள்ளி ஒன்பதில் புள்ளி ஆறு போனால் ஒன்று புள்ளி மூன்று. ஆலை ஓடலாம். பாயின் சொல்லை வைத்தே பாயின் அளவை அடித்தார்கள். இருபத்தேழு வருடம் ஒருவர் யோக்கியமாக வைத்திருந்த பழக்கத்தைக் களவுக்குச் சாவியாக்கத் தெரிந்திருந்தது அவர்களுக்கு. நினைத்தால் இப்போதும் வாயில் கசக்கிறது.

ஆனால் சாவியைத் திருப்பியது நான். நான் படத்தைத் திறந்து பார்த்தேன். புள்ளிகள் இரண்டும் நீளவாக்கில் இருந்தன. குழாயின் போக்கில், நேராக, சந்தேகமே இல்லாமல். அங்கே கழிக்க வயிறே இல்லை. ஒன்பது வருடமாக அந்தப் பிளாஸ்டிக் துண்டைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது தூக்கத்தில்கூடத் தெரியும். முதலாளி என்னை மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தாலாவது எனக்கு இன்று ஒரு சாக்கு இருந்திருக்கும். மணி ஐந்தரை ஆகிவிட்டது. ஐந்து நாற்பதுக்கு ஜெயங்கொண்டம் பஸ், அதை விட்டால் மீன்சுருட்டியில் இருக்கும் வீட்டுக்கு நான் போய்ச் சேர ராத்திரி ஒன்பது ஆகிவிடும். அது மட்டும்தான் காரணம். ஒன்பதை அழித்து மூன்று அடித்தேன். புள்ளிகள் தெரியும் படத்தை எடுத்துவிட்டு வெறும் குழி தெரியும் படத்தை ஒட்டினேன். கையெழுத்தைப் போட்டேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

சில மாதங்களில் அந்தக் குழாய் அதே குழி இருந்த இடத்தில் வெடித்தது. முருகேசன் என்ற ஒப்பந்தத் தொழிலாளி பக்கத்து வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் முழங்கைவரை வெந்துவிட்டன. இப்போதும் திருச்சியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மனைவிதான் ஊட்டிவிடுகிறாராம். ஆலையிலிருந்து பழக்கூடையோடு ஆள் போனதாகக் கேள்விப்பட்டேன். கை வெந்தவருக்கு ஆப்பிள் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள், தூ.

விசாரணை வந்தது. அறிக்கையின் நகல் அப்போதுதான் பாயின் கைக்கு வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்து, உட்காராமல் நின்றபடி கேட்டார்: "தங்கச்சி, இந்தக் குழியில நான் புள்ளிய எப்படி வச்சிருந்தேன்? குறுக்கவா, நீளவாக்குலயா?"

"பாக்கணும் பாய்" என்றேன்.

பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்பது அவருக்கும் தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுத்துப்பிழைக்கே ஊரைக் கூட்டுகிறவர் ஆயிற்றே. "பாத்து வையி. அடுத்த வாரம் வியாழக்கிழமை கேப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. அந்த வாரம் முழுக்க எனக்கு வந்த ஒரே யோசனை, படத்தை அழித்துவிடலாமா என்பதுதான். முதலாளியும் அழிக்கச் சொல்லியிருந்தார். அழிக்கவில்லை. மனசாட்சி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். பயத்தில் அந்த ஃபைல் பக்கமே போகாமல் இருந்தேன் என்பதே நிஜம். திங்கட்கிழமை பாய் போய்ச் சேர்ந்துவிட்டார்.

விசாரணையை ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். அந்த வியாழக்கிழமையை வீணாக்காமல் முதலாளி இரங்கல் கூட்டம் போட்டுவிட்டார், அரியலூரில் ஒரு ஓட்டல் ஹாலில். வாசலில் ஃபிளெக்ஸ். அதில் பாயின் படத்தைவிட, கைகூப்பி நிற்கும் முதலாளியின் படம் பெரியது. உள்ளே பாயின் படத்துக்கு மாலை போட்டுக் குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். எங்கள் வழக்கத்தில் இது கிடையாதுங்க என்று பாயின் மைத்துனர் மெதுவாகச் சொன்னார். மரியாதைக்குத்தானே பாய் என்று அவர் தோளைத் தட்டிவிட்டார்கள். உயிரோடிருந்தபோது அவர் வேண்டாம் என்றதைச் செய்தவர்கள், செத்த பிறகும் செய்தார்கள். இரண்டு நிமிட மௌனத்தில் யாருடைய ஃபோனோ அடித்தது. பின்வரிசையில் வடைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுதிக் கொடுக்காத வரியை முதலாளி மைக்கில் வாயாலேயே சொன்னார். "பாயிக்குக் கடைசி காலத்துல கண்ணு சரியாத் தெரியல. அப்பவும் என்னால முடியும் சார்னு வந்து நின்னாரு. அதுல ஒரு தப்பு நடந்திருந்தா, அதுக்காக அந்த நல்ல மனுசனை நாம குறை சொல்லலாமா?" சொல்லும்போது அழுதார். நிஜமான கண்ணீர். அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. ஆலையின் இன்ஜினியர் முன்வரிசையில் தலையாட்டினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைப் போடுகிற இடத்துக்கு மாலையும் போட்டிருந்தார்கள். பாய்க்குக் கண்புரை இருந்தது உண்மை. இரண்டு வருடம் முன்பே ஆபரேஷன் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு என் மூக்குக்கண்ணாடியில் இருந்த கீறலை எனக்குக் காட்டியதே அவர்தான். இதை நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது வரிசையில் என் கையிலும் ஒரு வடை இருந்தது. அதை யாருக்கும் தெரியாமல் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். என் வீரம் அன்று அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் போய், அங்கிருந்து பஸ் மாறி லப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன். ரஞ்சன்குடிக் கோட்டை தாண்டும்வரை, திரும்பிவிடலாமா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். பாயின் மனைவி ஆமினா அக்கா, கணவரை இழந்த பெண்கள் தனித்திருக்கும் இத்தாவில் இருந்தார், வெளி ஆண்கள் யாரும் பார்க்க முடியாது. நான் பெண் என்பதால் உள்ளறைக்கு அழைத்துப்போனார்கள். என்னை அவருக்கு முன்பே தெரியும். பெருநாளைக்குப் பெருநாள் பாயிடம் எனக்குத் தனியாக டப்பா கொடுத்தனுப்புவார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நாற்பது பஸ்ஸையும் சொன்னேன். அவர் கையில் ஓதி உருட்டும் தஸ்பீஹ் மணி நகர்வது நிற்கவில்லை.

"தெரியும்" என்றார். "அந்தக் காயிதத்தப் பாத்த அன்னைக்கே அவங்க சொல்லிட்டாங்க. செல்விதான் கழிச்சிருக்குன்னு."

அப்படியென்றால் விசாரணை அதிகாரியிடம் ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் கேட்டேன். 'என் அளவு என்னன்னு வியாழக்கிழமை நான் சொல்லிடுவேன். கழிச்சது யாருன்னு அந்தப் புள்ள வாயால சொல்லட்டும். படம் அதுகிட்டதான் இருக்கு, அழிக்காது. நான் முந்திக்கிட்டுப் பேரச் சொன்னா, அப்புறம் அதுக்குச் சொல்ல எடமே இல்லாமப் போயிடும்'னாங்க." மணி நகர்வது நின்றது. "அவங்க ஒன்னை நம்புனாங்க. நான் நம்பல. அவங்க ஹயாத்தோட, உசுரோட இருக்கையில வந்திருக்கணும் நீ. எத்தனை நாள் கழிச்சு வந்திருக்கே பாரு."

அவர் என்னை மன்னிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வாசல்வரை யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை, புள்ளிகள் தெரியும் அந்தப் படத்தையும், கழித்தது நான்தான், கழிக்கச் சொன்னது முதலாளிதான் என்று எழுதி என் கையால் கையெழுத்திட்ட கடிதத்தையும் விசாரணை அதிகாரிக்குக் கொடுத்துவிட்டேன். மத்தியானமே முதலாளி என்னை வெளியே போகச் சொன்னார். பிறகு அவரே ஃபோன் செய்து, உனக்கு என்ன வேண்டும் என்று கனிவாகக் கேட்டார். ஃபோனை வைத்துவிட்டேன். நாளை மறுநாள் வியாழக்கிழமை, நான் போய் நிற்க வேண்டும். என்ன ஆகும் என்று தெரியாது. என்ன ஆனாலும் முருகேசனின் கைக்கு அது ஈடாகாது என்பது மட்டும் தெரியும். பாய்க்குக் கண் தெரியவில்லை என்று உங்களில் யார் காதிலாவது விழுந்தால், அது பொய் என்று சொல்லுங்கள். அவர் சரியாக அளந்தார். நீளவாக்கில்தான் அளந்தார்.

இப்படி எழுதுகிறவர்கள் கடைசியில் மறைந்தவரிடமிருந்து தமக்குக் கிடைத்தது என்ன என்று சொல்வார்கள். எனக்குக் கிடைத்தது, நான் சொல்லிவிடுவேன் என்று அவர் வைத்திருந்த நம்பிக்கை. அவர் அதை என்மேல் வைத்திருந்தது அவர் இருந்தவரை எனக்குத் தெரியாது. வைத்துக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் ஆள் இல்லை.